முகம் சுளித்துக்கொண்டே ஏன் குடிக்கிறார்கள்? அடிமைப் பழக்கத்தின் அறிவியல், அடியிலிருந்து

மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறியதும் முதல் ஆளாக வாங்கிக்கொண்டு வருபவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கை லேசாக நடுங்கும். பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சிக் கலந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவார். முகம் அஷ்டகோணலாகும். அவசரமாக ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். சின்ன வயதில் நமக்கு விளக்கெண்ணெய் புகட்டியபோதுகூட முகம் இவ்வளவு கோணியிருக்காது.

“சுகம் கண்டுவிட்டான், அதனால் குடிக்கிறான்” என்கிறது ஊர். அந்த முகத்தில் சுகம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக உண்டு. பழைய பதில்: மனக்கட்டுப்பாடு கிடையாது, திமிர். புதிய பதில், யூடியூபில் கற்றது: எல்லாம் டோபமைன், அது இன்ப ரசாயனம். முதல் பதில் பாதி தப்பு. இரண்டாவது கிட்டத்தட்ட முழுத் தப்பு. சரியான பதிலை ஒரே துறை கண்டுபிடித்துவிடவில்லை. எலி வளர்த்த உளவியலாளர்கள், குரங்கின் மூளையில் கம்பி வைத்துக் கேட்ட உடலியலாளர்கள், போர்வீரர்களைத் தேடிப்போய்ப் பேட்டி கண்ட சமூகவியலாளர், மருந்தியலாளர்கள், மரபியலாளர்கள் என்று 70 ஆண்டுகளாக ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதில் முக்கியமான துண்டுகளை மட்டும் இங்கே ஒட்டவைத்துப் பார்ப்போம்.

காபி இல்லாவிட்டால் தலைவலி: அது அடிமைத்தனமா?

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தினமும் இரண்டு வேளை காபி குடிப்பவருக்கு ஏகாதசி விரதத்தன்று தலை விண் விண் என்று தெறிக்கும். உடல் அந்தப் பொருள் உள்ளே இருப்பதற்குப் பழகிவிட்டது, இல்லாதபோது முரண்டு பிடிக்கிறது. இதற்கு உடல் சார்பு என்று பெயர். புற்றுநோய் வலிக்காக மாதக்கணக்கில் மார்ஃபின் எடுப்பவருக்கும் இது வரும். திடீரென்று மருந்தை நிறுத்தினால் அவதிப்படுவார், படிப்படியாகக் குறைத்தால் சமாளித்துவிடுவார். அவர்களில் பெரும்பாலோர் மார்ஃபினைத் தேடி அலைவதில்லை, அதற்காக வீட்டு நகையை அடகு வைப்பதுமில்லை.

அடிமைநிலை என்பது வேறு. கட்டுப்பாடு கைநழுவிப் போகிறது: ‘ஒரு குவார்ட்டர்’ என்று உட்கார்ந்தவர் மூன்று முடித்துவிட்டு எழுகிறார். கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறது: மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமே குடிக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வேட்கை, அதாவது மற்ற நினைப்புகளை எல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும் ‘வேணும்’ என்ற உந்துதல்.

குடிக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை. எய்ம்ஸ் நடத்தி மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்பவர்கள் 5.7 கோடிப் பேர். ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மற்ற இருவர் ஏன் தப்பினார்கள் என்பதும் நம் கேள்வியில் ஒரு பகுதிதான். அதற்குப் பிறகு வருவோம்.

இடம் தவறிய கம்பி

1954. கனடாவின் மான்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பி ஒன்றைச் செருகுகிறார்கள். அவர்கள் குறிவைத்த இடம் ஒன்று, கம்பி போய் நின்ற இடம் வேறொன்று. மின்சாரம் லேசாகத் தொட்டபோது எலி எந்த மூலையில் நின்றிருந்ததோ, அதே மூலைக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றது. சரி, எலி கையிலேயே சுவிட்சைக் கொடுத்துவிடுவோம் என்று ஒரு நெம்புகோலை வைத்தார்கள். எலி அதை மணிக்கு நூற்றுக்கணக்கில், பிற்பாடு நடந்த சோதனைகளில் ஆயிரக்கணக்கில் அமுக்கித் தள்ளியது.

‘மூளையின் இன்ப மையம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பாதையில் ஓடும் முக்கியமான நரம்பு வேதிப்பொருள், அதாவது ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி சொல்லக் கக்கும் ரசாயனம், டோபமைன் என்பது பின்னால் தெரிந்தது. அங்கிருந்துதான் ‘டோபமைன் என்றால் இன்பம்’ என்ற கணக்கு புறப்பட்டது. ஆனால் எலி நெம்புகோலை அமுக்கியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அது சந்தோஷப்பட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. வாட்ஸப்பில் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருப்பது இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்த கணக்குதான்.

சோன்பப்டி வண்டியின் மணி

ராத்திரி தெருவில் சோன்பப்டிக்காரர் மணியடித்துக்கொண்டு வருவார். முதல் தடவை அந்தச் சத்தம் உங்களுக்கு வெறும் சத்தம். யாரோ வாங்கிக் கொடுத்து வாயில் போட்ட பிறகு, அடுத்த வாரம் மணிச்சத்தம் கேட்டதுமே நாக்கில் நீர் ஊறும், கால் வாசலுக்கு ஓடும். சோன்பப்டி இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்குள் ஏதோ ஏற்கெனவே கிளம்பிவிட்டது.

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற உடலியலாளர் இதையே குரங்குகளிடம் அளந்தார். டோபமைன் நரம்பணுக்களில் கம்பி வைத்து, குரங்கின் வாயில் சொட்டு ஜூஸ் விட்டார். எதிர்பாராமல் ஜூஸ் கிடைத்தபோது அணுக்கள் படபடவென்று துடித்தன. ஜூஸுக்கு முன்னால் ஒரு அடையாளம் காட்டிப் பழக்கிய பிறகு, துடிப்பு அடையாளத்துக்கு இடம்மாறியது. ஜூஸ் வாய்க்குள் விழும்போது அணுக்கள் சலனமே இல்லாமல் இருந்தன. அடையாளம் காட்டி ஏமாற்றினாலோ, ஜூஸ் வந்திருக்க வேண்டிய நொடியில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. வண்டி நம் வீட்டு வாசலில் நிற்காமல் போகும்போது குழந்தையின் முகம் விழுமே, அது.

இன்பமே டோபமைன் என்றால் ஜூஸ் வாயில் இருக்கும்போதல்லவா அது பொங்க வேண்டும்? 1997-ல் ஷுல்ட்ஸ் இரண்டு கணிதவழி ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய விளக்கம் இப்படி: டோபமைன் சொல்வது ‘இனிக்கிறது’ என்ற சேதியை அல்ல, ‘நினைத்ததைவிட நல்லது வருகிறது, இதைக் குறித்துக்கொள்’ என்ற சேதியை. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம். மூளை பாடம் படிப்பது அந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

போதைப் பொருள் குறுக்கே வருவது இந்த இடத்தில். சோன்பப்டி நாலு வாரத்தில் பழகிப்போகும், வித்தியாசம் பூஜ்யமாகும், பாடம் முடிந்துவிடும். நிகோடினும் சாராயமும் ஹெராயினும் ரசாயன வழியாகவே டோபமைனை ஏற்றிவிடுவதால் ஒவ்வொரு முறையும் ‘நினைத்ததைவிட நல்லது’ என்ற பொய்ச்சேதி போய்க்கொண்டே இருக்கிறது. பாடம் முடிவதே இல்லை. மாணவன் அதே பக்கத்தை ஆயிரம் தடவை மனப்பாடம் செய்கிறான்.

ஆன்லைன் ரம்மிக்கு ரசாயனமே தேவையில்லை. எப்போது ஜெயிப்போம் என்று தெரியாமல் வைத்திருந்தாலே போதும், எதிர்பார்ப்பு ஒருநாளும் அடங்காது. உள்ளே எந்தப் பொருளும் போகாத சூதாட்டத்தை மருத்துவம் அடிமைநிலைகளின் பட்டியலில் சேர்த்திருப்பது இதனால்தான்.

பிடிப்பது வேறு, வேண்டுவது வேறு

என் சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல் சிகரெட் பிடித்தவர். விட்டார். ஆறு வருஷம் தொடவில்லை. ஒருநாள் திருச்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெட்டிக்கடை ஓரத்தில் முன்பெல்லாம் கனிந்துகொண்டு தொங்கும் கயிறு இருக்குமே, இப்போது அதற்குப் பதில் ஒரு லைட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஆள் அதை இழுத்துப் பற்றவைத்துவிட்டு விட்டார். லைட்டர் இப்படியும் அப்படியுமாக ஆடியது. “அது ஆடி நிக்கறதுக்குள்ள நான் ஒண்ணு வாங்கிட்டேன்டா” என்றார் சித்தப்பா. அப்புறம் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: “பிடிக்கவே இல்ல. தொண்ட எரிஞ்சுது. ஆனா முழுசா முடிச்சுட்டுத்தான் கீழ போட்டேன்.”

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் என்ற இரு உளவியலாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். எலிக்கு வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் உதட்டை நக்கிக்கொள்ளும். கசப்பு விட்டால் வாயைத் திறந்து தலையை உதறும். பச்சைக் குழந்தையும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது. ஆக, எலிக்குப் பிடித்திருக்கிறதா என்று அதன் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். அவர்கள் எலிகளின் மூளையிலிருந்த டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தார்கள். அந்த எலிகள் பக்கத்தில் உணவிருந்தும் எழுந்துபோய்ச் சாப்பிடவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்திருக்கும். ஆனால் சர்க்கரையை வாயில் விட்டபோது? வழக்கம்போல உதட்டை நக்கின. இனிப்பு பிடித்திருந்தது, ‘வேணும்’ என்பது மட்டும் காணாமல் போயிருந்தது.

எதிர்ப்பக்கமும் நடந்தது. மூளையின் வேறோர் இடத்தில் மின்சாரம் கொடுத்தபோது எலிகள் ஆவேசமாகத் தின்றன. தின்னும்போது அவற்றின் முகத்தில் தெரிந்தது அருவருப்பு! டாஸ்மாக் வாசலில் பார்த்த முகம் ஞாபகம் வருகிறதா?

மனிதர்களிடம் இதற்கு ஒரு சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பார்க்கின்சன் நோய், அதாவது டோபமைன் அணுக்கள் அழிந்து கைகால் நடுங்கும் நோய்க்கு, டோபமைனைப் போலவே வேலை செய்யும் மாத்திரைகள் தருகிறார்கள். அதைச் சாப்பிட்ட சிலர், வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாதவர்கள், திடீரென்று சூதாட்டத்தில் இறங்கினார்கள். மாத்திரையைக் குறைத்ததும் அந்த வெறி அடங்கியது. அவர்களுடைய மனக்கட்டுப்பாடு மாத்திரை அளவுக்கு ஏற்றபடி ஏறி இறங்கியது என்றா சொல்வது?

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில்: பிடித்தமும் வேட்கையும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள். சாதாரணமாக இரண்டும் ஜோடி மாடுகள் போலச் சேர்ந்தே போகும். அடிமைநிலையில் வேட்கை பெருத்துக்கொண்டே போகிறது, பிடித்தம் இருந்த இடத்திலேயே நிற்கிறது அல்லது தேய்கிறது. டோபமைன் இழுப்பது வேட்கை என்ற மாட்டை.

கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் விட்டுவிட்டால்

அப்படியானால் டாஸ்மாக் வாசலில் நடுங்கிய அந்தக் கை? அது வேறு கதை.

மூளையில் அடக்கிவைக்கும் வேதிப்பொருளும் உண்டு, கிளப்பிவிடும் வேதிப்பொருளும் உண்டு. சாராயம் அடக்கும் பக்கத்துக்குத் துணைபோகிறது. தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது, கிளப்பும் பக்கத்தில் ஆள் சேர்க்கும். முன்பு ஒரு கட்டிங்கில் ஏறிய போதைக்கு இப்போது ஒரு ஆஃப் தேவைப்படும். இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். ஊரில் பெருமையாக ‘ஸ்டெடி’ என்பார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை, எதிர்ப்பக்கம் பலத்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

பொங்கல் விளையாட்டில் இரண்டு அணிகளும் மூச்சைப் பிடித்துக் கயிறு இழுக்கும்போது ஒரு அணி சட்டென்று கயிற்றை விட்டால் எதிரணி மொத்தமும் மல்லாக்க விழும். குடியைத் திடீரென்று நிறுத்தினால் நடப்பது அதுதான்: நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு. இவை விலகல் அறிகுறிகள். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்து, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மனம் குழம்பிப் பேச ஆரம்பிப்பவர்களும் உண்டு. இது உயிரையே பறிக்கக்கூடிய நிலை. ‘ரூமில் போட்டுப் பூட்டு, ரெண்டு நாளில் சரியாகிடும்’ என்ற வைத்தியத்தால் ஆள் செத்தே போகலாம். பல வருஷமாகத் தினமும் நிறையக் குடித்தவர் டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு மாத்திரை இருக்கிறது, கூடவே பி1 வைட்டமினும் கொடுப்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நடுக்கம் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். அடிமைநிலை உடல் சார்பு மட்டும்தான் என்றால், பதினோராம் நாள் கதை முடிந்திருக்க வேண்டும். என் சித்தப்பாவின் லைட்டர் ஆறு வருஷம் கழித்து ஆடியது.

இடத்துக்கும் ஞாபகம் உண்டு

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெப்பர்ட் சீகல் 1982-ல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு இன்றும் மலைப்பைத் தருகிறது. எலிகளுக்கு ஒரே அறையில் ஹெராயின் கொடுத்துக் கொடுத்துத் தாங்குதிறனை வளர்த்தார். கடைசியில் ஒரு பெரிய அளவு ஊசி. வழக்கமான அறையில் அதைப் போட்டுக்கொண்ட எலிகளில் 32 சதவீதம் இறந்தன. அதே பழக்கமுள்ள எலிகள், அதே அளவு, ஆனால் வேறு அறை: 64 சதவீதம் இறந்தன. அறையைப் பார்த்ததுமே ‘வரப்போகிறது’ என்று உடல் முன்கூட்டியே எதிர்ப்பக்கத்தைத் தயார் செய்திருக்கிறது. புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை.

இதை மனிதர்களிடம் திட்டமிட்டுச் சோதிக்க முடியாது. ஆனால் போர் சோதித்துவிட்டது. வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்களிடையே 1971 வாக்கில் ஹெராயின் சர்வசாதாரணம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார். இவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினால் என்னாவது என்று அரசு பதறியது. லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. யாரும் முதலில் நம்பவில்லை, புள்ளிவிவரத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். ஆனால் காடு, பயம், வேலையில்லாத நீண்ட மதியங்கள், கூடாரத்துக் கூட்டாளிகள், மலிவான சரக்கு, இவையெல்லாம் ஒரேயடியாக ஒரு விமானப் பயணத்தில் பின்னால் போய்விட்டன. நம் ஊர்க் குடிநோயாளியோ மறுவாழ்வு மையத்திலிருந்து இறங்கி, அதே தெருவுக்கு, அதே சிநேகிதர்களிடம், அதே கடனுக்குத் திரும்புகிறார்.

இதன் உள்ளூர் வடிவத்தைக் கார்த்திகை மாதத்தில் பார்க்கலாம். மற்ற நாட்களில் மாலை ஆனால் கடைக்குப் போகும் எத்தனையோ பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் ஒரு மண்டலம் சொட்டுத் தொடுவதில்லை. விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி, வெறுங்கால், மாலையில் பஜனை. கூடவே ஊரே அவரைப் பெயர் சொல்லாமல் ‘சாமி’ என்கிறது. பழைய தூண்டல்கள் எல்லாம், அதாவது வேட்கையைத் தட்டி எழுப்பும் இடம், நேரம், ஆள் எல்லாம், ஒரே நாளில் மாறிவிடுகின்றன. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே சிலர் கடையில் நிற்பதை வைத்து ஊர் கேலி பேசும். எனக்கு அந்தக் கேலியைவிட, முந்தைய நாற்பத்துச் சொச்ச நாட்கள்தான் ஆச்சரியம். (ஏற்கெனவே காலையில் கை நடுங்கும் நிலைக்குப் போனவர் மாலை போடும் முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது. காரணம் மேலே சொன்னதுதான்.)

மூன்றில் இருவர் தப்பியது எப்படி

பாதிக் காரணம் பிறப்பில். இரட்டையர்களையும் தத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள், அடிமையாகும் வாய்ப்பில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதம் மரபணு வழி வருகிறது என்கின்றன. ‘குடிகார மரபணு’ என்று ஒன்று கிடையாது. நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் துளித்துளியாக. அப்பா குடித்தார் என்பதற்காக மகன் குடித்தே தீருவான் என்று அர்த்தமில்லை, அவன் வழுக்குத் தரையில் நடக்கிறான் என்று அர்த்தம்.

இன்னொன்று வயது. நில், யோசி என்று கடிவாளம் போடும் நெற்றிப்பக்க மூளை முழுசாக முற்ற இருபத்தைந்து வயதை நெருங்க வேண்டும். வேட்கைப் பகுதியோ பதினைந்திலேயே குதிரையாகிவிடும். பதின்வயதில் தொடங்குபவர்களுக்கு ஆபத்து கூடுவதற்கு இது ஒரு காரணம். மிச்சத்தை வறுமை, சிறுவயதுக் கொடுமைகள், மனச்சோர்வு, கடை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தீர்மானிக்கின்றன.

சிகிச்சை: பூட்டு பல, சாவியும் பல

பஸ்ஸில் போகும்போது சுவரில் பார்த்திருப்பீர்கள்: ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’. சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு பொட்டலம். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. உண்மையான மருந்து ஒன்றின் நிழலில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

டைசல்ஃபிராம் என்பது ரப்பர்த் தொழிலில் பயன்பட்ட ரசாயனம். 1940-களில் டென்மார்க்கில் யென்ஸ் ஹால்டு, எரிக் யாக்கப்சன் இருவரும் அதைப் பூச்சி மருந்தாக, வயிற்றுப் புழுவுக்கு, ஆராய்ந்தார்கள். தாங்களே விழுங்கியும் பார்த்தார்கள். பிறகு விருந்தில் கொஞ்சம் குடித்தபோது முகம் சிவந்து, தலை சுற்றி, குமட்டி ஒரே அமர்க்களம். காரணம் இது: சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றி, அடுத்த படியில் அதை ஆபத்தில்லாததாக மாற்றும். டைசல்ஃபிராம் இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது, நச்சு ரத்தத்தில் தேங்குகிறது. (சீனா, ஜப்பான், கொரிய மக்களில் பலருக்கு அந்த இரண்டாவது படி பிறவியிலேயே மந்தம். இரண்டு வாய் குடித்ததும் முகம் சிவந்துவிடும். அவர்களில் குடிக்கு அடிமையாவோர் குறைவு.) தெரிந்து, சம்மதித்து, தினமும் மனைவி முன்னால் விழுங்குபவருக்கு இது நல்ல வேலி. தெரியாமல் கலந்து கொடுத்தால், அவர் வழக்கம்போல ஒரு ஆஃப் அடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து இதயம் தடுமாறலாம்.

டைசல்ஃபிராம் வேட்கையைத் தொடுவதில்லை, பயத்தைத்தான் உண்டாக்குகிறது. வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் உண்டு. எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்பவர்களுக்கு நல்ல பலன்.

‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்ற சண்டை பெரிதாக நடந்தது மெத்தடோன் விஷயத்தில். 1960-களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் உடல் வளர்சிதை ஆய்வாளர் வின்சென்ட் டோல், மனநல மருத்துவர் மேரி நைஸ்வாண்டர், இளம் மருத்துவர் மேரி ஜீன் கிரீக் மூவரும் ஹெராயின் அடிமைகளுக்கு தினமும் ஒரு வேளை மெத்தடோன் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருள்கள்தான், மூளையில் ஒரே ஏற்பியில், அதாவது வேதிப்பொருள் போய் உட்காரும் இருக்கையில், போய் உட்கார்பவைதான். வித்தியாசம் வேகத்தில். ஹெராயின் ஊசி நொடிகளில் ஏறி சில மணி நேரத்தில் இறங்கிவிடும், ஆள் மறுபடி தெருவுக்கு ஓட வேண்டும். வாயால் குடிக்கும் மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்க நிற்கும். ஏற்றமும் இல்லை, சரிவும் இல்லை. ஹெராயினைத் தவிர வேறு பேச்சே இல்லாதவர்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் தொடங்கினார்கள். மூளையை எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறதோ அவ்வளவுக்கு ஒரு பொருள் அடிமையாக்கும். பீடிப் புகையிலிருந்து நிகோடின் 10, 20 நொடிகளில் மூளைக்குப் போகிறது. தோளில் ஒட்டும் நிகோடின் பட்டையிலிருந்து மணிக்கணக்கில் கசிகிறது. பொருள் ஒன்றே, ஆனால் பட்டைக்கு அடிமையானவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் மணிப்பூர், பஞ்சாப் போன்ற இடங்களில் நாக்குக்கடியில் வைக்கும் பியூப்ரநார்ஃபின் மாத்திரை இதே வேலையைச் செய்கிறது.

அப்புறம் ஒரு விசித்திரமான சிகிச்சை. ‘நாளைக்குக் கிடைக்கும் பலாக்காயைவிட இன்றைக்குக் கிடைக்கும் களாக்காய் மேல்’ என்று ஒரு பழமொழி உண்டே, அடிமைநிலையில் இந்தக் கணக்கு எல்லை மீறிப்போகிறது. ‘பத்து வருஷம் கழித்து ஈரல் போய்விடும்’ என்ற பலாக்காய் மிரட்டல் எடுபடுவதில்லை. வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் களாக்காயையே கையில் எடுத்தார். சிறுநீர்ச் சோதனையில் கொக்கைன் இல்லையா? இந்தா, உடனே ஒரு கூப்பன், பொருள் வாங்கிக்கொள்ளலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் கூப்பன் மதிப்பு ஏறும், தவறினால் முதலிலிருந்து. கொக்கைனுக்கென்று நல்ல மருந்து இன்றுவரை இல்லாத நிலையில், சோதித்துப் பார்த்தவற்றில் நன்றாக வேலை செய்வது இந்த எளிய ஏற்பாடுதான். ‘விடுவதற்குக் காசு கொடுப்பதா’ என்று பலருக்குக் கசக்கிறது. எனக்கு அந்தக் கசப்பு புரிவதில்லை.

பேச்சு சிகிச்சை தூண்டல்களை அடையாளம் காணவும், வேட்கை எழும்போது அதைக் கடக்கவும் பழக்குகிறது. வேட்கை அலை மாதிரி, தீனி போடாவிட்டால் சற்று நேரத்தில் தானாகத் தணியும். இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள், ஒரு பங்குத் தரகரும் ஒரு சர்ஜனும், சந்தித்ததில் பிறந்தது. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் அவர் குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை என்ற வழியைப் பிடித்துக்கொண்டது. வீடு பழையபடியே இருந்தால் அவர் திரும்புவது அதே சீகலின் அறைக்குத்தானே.

நோயா, திமிரா?

‘மூளை நோய்’ என்று சொல்வதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. கூப்பனுக்கு மசிகிறது, மாலை போட்டால் அடங்குகிறது, விமானம் ஏறினால் விலகுகிறது, இதென்ன நோய் என்பது ஒரு கட்சி. மூளையில் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறதே என்பது மறு கட்சி. எனக்குச் சர்க்கரை வியாதி ஒப்பீடு பொருத்தமாகப் படுகிறது. அதிலும் மரபு உண்டு, மாத்திரை உண்டு, தினமும் வாயைக் கட்டும் பொறுப்பும் உண்டு. சிகிச்சைக்குப் பின் மறுபடி விழுபவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்கிறார்கள். பிபி, ஆஸ்துமா நோயாளிகள் மாத்திரையை விட்டு அவதிப்பட்டுத் திரும்பி வருவதும் ஏறக்குறைய இந்த அளவில்தான். அவர்களை யாரும் ‘திருந்தாத ஜென்மம்’ என்பதில்லை.

யாருக்காவது உதவி தேவை என்றால் தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. புகையிலைக்கு 1800-11-2356.

சித்தப்பா அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை, நாலு மாதம் பிடித்தார், பிறகு மறுபடி விட்டார். டீ குடித்தால்தான் கை தேடுகிறது என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார். இப்போது திருச்சி வழியாகப் போவதென்றால் பையில் ஒரு சின்ன ஃபிளாஸ்க் இருக்கும், வீட்டுக் காபி. பஸ்ஸை விட்டு இறங்காமல், ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே மூடியில் ஊற்றிக் குடிக்கிறார்.